மூன்றாம் பாத்திப் பிசின்

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டாம் முறை அண்ணன் எடுத்து, "நடுவுல நான் மாட்டிக்க மாட்டேன். எதுவா இருந்தாலும் அவளுக்கே எழுது, எழுதினா படிக்கிறேன்னு சொல்லியிருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதம். ஆய்வுக்கூடத்தில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவதைத் தவிர நான் பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது. எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மன்னிப்பு. ஏப்ரலில் விடுமுறைக்கு வந்தபோது, நீங்கள் வெளியே போன நேரம் பார்த்து, மண்ணிலிருக்கும் கிருமி செழிக்கும் என்று நினைத்து, உங்கள் நாற்றுப் பண்ணையில் பத்துக் குழித்தட்டு நாற்றுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன். அது என் தப்பு. எறும்பு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே சர்க்கரை என்றால் மூடி போட்ட கண்ணாடித் தட்டுக்குள்தான் இருக்கும், எறும்பை நான் பார்த்தே நாளாகிறது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரிவது இத்தனை வருடம் படித்த எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது உதவி. மன்னிப்போடு சேர்த்துக் கேட்டால் காரியக்காரி என்பீர்கள். காரியம்தான், அண்ணி. இரண்டு வருடமாக நான் வளர்க்கிற பாக்டீரியா உங்கள் மூன்றாம் பாத்தி மண்ணிலிருந்து எடுத்தது, ஞாபகம் இருக்கும். தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து மண்ணை மண்ணோடு ஒட்டவைக்குமே, அதுதான். போன மாதத்திலிருந்து அது சுரப்பதை நிறுத்திவிட்டது. ஜூன் 24 அன்று எங்கள் துறைத் தலைவர் இன்னும் ஏழு பேரோடு வந்து என் வேலையைப் பார்க்கிறார். பிசின் இருந்தால் என் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் நீளும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்யவேண்டும்.

மூன்றாம் பாத்தியிலிருந்து ஒரே ஒரு பிடி மண் அனுப்புங்கள். நீங்கள் கொடுத்தனுப்பிய மிளகாய்ச் செடி நன்றாக இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 5

டாக்டரம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அதற்கு மூன்று காரணம் சொல்வாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும். இப்போது படி.

அந்தப் பத்துத் தட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனவர் பல் டாக்டர். காரின் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு போனார். பாதி வழியில் எறும்பு அவர் சட்டைக் காலருக்குள் போய்விட்டது. நடுரோட்டில் காரை நிறுத்தி, இறங்கி, சட்டையைக் கழற்றி உதறியிருக்கிறார். பின்னால் ஒரு பள்ளிக்கூட பஸ் முழுக்கப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். எனக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அவரிடம் போய் வாயைத் திறப்பது?

மண் இல்லை.

அதென்ன பிசின், எப்படிச் சுரக்கிறது, ஏன் நிறுத்தும்? உன் ஆய்வுக்கூடப் பாஷையில் வேண்டாம், எனக்குப் புரிகிற மாதிரி எழுது. காரணமாகத்தான் கேட்கிறேன். என்ன காரணம் என்று கேட்காதே.

மிளகாய்ச் செடி பூத்ததா? இத்தனை நாளில் பூத்திருக்கவேண்டும்.

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் படித்தேன். சட்டையை உதறிய இடத்தில் மட்டும் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் காளான்காரர், இருபது வருடமாகப் பூஞ்சைதான் அவர் உலகம். சிரிப்புச் சத்தம் கேட்டால் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பாக்டீரியா ஓர் அறை வீடு. ஆனால் அந்த வீட்டுக்கு உள்சுவர், வெளிச்சுவர் என்று இரண்டு சுவர். வேரிலிருந்து கசிகிற சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைச் சின்னச் சின்ன மணியாக்கி, உள்சுவரில் ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பசையான ஒரு கொக்கியில் எட்டு மணி கோக்கும். ஏழு மணி ஒரே ரகம், ஒன்று மட்டும் வேறு ரகம். எட்டு ஆனதும் கொக்கி அப்படியே சுவரின் அந்தப் பக்கம் புரண்டுகொள்ளும். அங்கே எட்டோடு எட்டு, எட்டோடு எட்டு என்று சேர்ந்து நீளமான சரம் ஆகும். வெளிச்சுவரில் ஒல்லியான ஒரு குழாய் இருக்கிறது. அதன் வழியாகச் சரத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே வந்த சரம் தண்ணீரைக் குடித்து உப்பும். அதுதான் பிசின். நாங்கள் பாலிசாக்கரைடு என்போம், நீங்கள் பிசின் என்றே சொல்லுங்கள், அதற்கொன்றும் கோபம் வராது.

இந்தப் பிசின்தான் மண்துகளை ஒன்றோடொன்று ஒட்டுகிறது, தண்ணீரையும் பிடித்து வைக்கிறது.

ஏன் நிறுத்தியது? இதை எழுதக் கை வரவில்லை. என்னால்தான். சீக்கிரம் பெருகட்டும் என்று அதற்குச் சத்தான சூப்பாகவே கொடுத்துக்கொண்டு வந்தேன். இறைச்சிச் சாறு, ஈஸ்ட் சாறு, கேட்டதெல்லாம். நாற்பது தடவை பழைய குப்பியிலிருந்து புதுக் குப்பிக்கு மாற்றியிருக்கிறேன், நாற்பது தடவையும் விருந்துதான். வயிறு நிறைந்த இடத்தில் பிசின் சுரப்பது வெட்டி வேலை. சுரக்கிறது பின்தங்கும், சுரக்காமல் சும்மா இருக்கிறது மளமளவென்று பெருகும். கடைசியில் குப்பி முழுக்கச் சோம்பேறிகள் மட்டும் மிஞ்சிவிட்டார்கள். உறையவைத்துச் சேமிப்பதுதானே வழக்கம் என்று கேட்பீர்கள். சேமித்தேன், முப்பதாவது விருந்துக்குப் பிறகு. அந்தக் குப்பிகளிலும் இதே கும்பல்தான்.

தட்டைத் திறந்து குச்சியால் தொட்டு இழுத்தால் முன்பெல்லாம் ஒரு சாண் நீளத்துக்கு நூல் வரும். இப்போது ஒன்றுமே வருவதில்லை. தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன், பார்த்துவிட்டுப் போய்க் கை கழுவிக்கொள்கிறேன்.

உங்கள் மண் கிடைத்தால் முதலிலிருந்து தொடங்கிவிடுவேன். பதினாறு நாள் இருக்கிறது.

மிளகாய் பூத்துவிட்டது. நாலைந்து பூ.

நாத்தனார்


ஜூன் 12

டாக்டரம்மாவுக்கு,

எட்டு மணியில் ஏழு ஒரே ரகம், ஒன்று மட்டும் வேறு என்று எழுதியிருந்தாய். உன் குடும்பத்தைப் பார்த்துத்தான் அது கோக்கக் கற்றுக்கொண்டிருக்கும். ஏழு பேர் வாய் திறக்கமாட்டார்கள், எட்டாவது நீ.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாளா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கும் அதேதான் தோன்றியது. நாற்றுக்கு நான் ஒருநாளும் கொழுக்கக் கொழுக்க உரம் போட்டதில்லை. கொழுத்த நாற்று பார்க்க அழகாக இருக்கும், வயலில் நட்டால் மூன்றாம் நாள் படுத்துக்கொள்ளும்.

இப்போது ஒன்று சொல்கிறேன். எறும்புக்காக நான் உன்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. எறும்பு வரும், போகும். அதற்கு முந்தைய நாள் நடந்தது உனக்கு ஞாபகம்கூட இருக்காது. பல் டாக்டர் வந்திருந்தார், கூட மூன்று பேர். வழக்கம்போலத் தட்டிலிருந்து ஒரு தக்காளி நாற்றைப் பிடுங்கி இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுக் காட்டினேன். வேரைச் சுற்றியிருந்த மண் ஒரு துளி உதிரவில்லை. பன்னிரண்டு வருடமாக இப்படிப் போட்டுக் காட்டித்தான் விற்கிறேன். "உங்க கைராசிம்மா" என்றார் அவர். நீ பின்னால் நின்று, "கைராசி எல்லாம் ஒண்ணுமில்லைங்க. அது மண்ணுல இருக்கிற கிருமி பண்ற வேலை. அண்ணி சும்மா தண்ணி ஊத்துறாங்க, அவ்வளவுதான்" என்றாய்.

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சும்மா தண்ணி ஊற்றுகிறேனாம். பன்னிரண்டு வருடம்.

மண் இல்லை என்று எழுதியது வீம்புக்கு இல்லை, நிஜமாகவே இல்லை. எறும்பு அந்தப் பாத்திக்குள் புற்று வைத்துவிட்டது. எனக்கிருந்த ஆத்திரத்தில் ஆள் வைத்து மூன்றாம் பாத்தியையே இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி, லாரியில் ஏற்றி, ரோட்டுப் பள்ளம் நிரப்பக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்துக்குச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. இப்போது உன் அண்ணன் அங்கேதான் வண்டி நிறுத்துகிறார். குழித்தட்டெல்லாம் அந்தப் பாத்தி மண்ணில்தான் நிரப்புவேன், இப்போது வெளியிலிருந்து மண் வாங்குகிறேன்.

இதற்குக் கீழே எழுதியிருந்த இரண்டு வரியை அடித்துவிட்டேன். படிக்க முயற்சி செய்யாதே.

பூவை உதிராமல் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

படிக்காதே என்று சொன்னால் படிக்காமல் இருப்பதற்கு நான் வேறு யார் வீட்டு நாத்தனாராகவாவது பிறந்திருக்கவேண்டும். காகிதத்தைப் பின்பக்கம் திருப்பி விளக்குக்கு எதிரே பிடித்தேன். 'இப்போது கீழே போட்டால் மண் உதிர்கிறது. நேற்று இரண்டு பேர் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.' இதுதானே?

அதைவிட, அதற்கு மேலே இருந்ததை நாலு தடவை படித்தேன். நான் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சொன்ன வார்த்தை வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது, அண்ணி. அது உங்களுக்கு வலிக்கும் என்றுதான் தோன்றவில்லை. ரொம்பப் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். உங்கள் பாத்தியில் கிடைத்ததை எடுத்து வைத்துக்கொண்டு உங்களையே ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன். எறும்புக்குக் கேட்ட மன்னிப்பை விடுங்கள். இதற்குக் கேட்கிறேன். நான் பேசியது தப்பு, ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் மண் கேட்கமாட்டேன். கேட்டாலும் இல்லை. மேசையைக் காலி செய்யவேண்டி வந்தால் இரண்டு பெட்டி போதுமா, மூன்று வேண்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். காளான்காரர் தன் பெட்டி ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னார். அவர் பேசியே நான் கேட்டதில்லை, எனக்காகப் பேசியிருக்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். மூன்றாம் பாத்தியை நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள்? மற்றப் பாத்தி மாதிரிதானா, இல்லை வேறு மாதிரியா? இது வேலைக்காகக் கேட்பது இல்லை. முன்பே கேட்டிருக்கவேண்டியது, கேட்கவில்லை.

நாத்தனார்


ஜூன் 16, கூரியரில்

வாலுக்கு,

திருட்டுத்தனமாகப் படித்ததற்குத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். ஆமாம், உதிர்கிறது. வாங்கின மண் பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்று அழகாக இருக்கிறது. ஆனால் நாற்றைப் பிடுங்கினால் வேர் தனியாக, மண் தனியாக வருகிறது. வாடிக்கையாளர் முன்னால் போட்டுக் காட்டுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. யாராவது கேட்டால் கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் பண்ணையை மூடிவிட்டு நானும் உன்னோடு பெட்டி கட்டலாம்.

மூன்றாம் பாத்தி கதை இதுதான். அதற்கு நான் எருவே போட்டதில்லை. ஆரம்பத்தில் போட எரு பற்றவில்லை, பிறகு பார்த்தால் போடாத பாத்திதான் நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். சும்மா கிடக்கிற காலத்தில் பயறு தூவி, ஒரு முழம் வளர்ந்ததும் தரையோடு அறுத்துத் தட்டுகளில் மண்ணை மூட மூடாக்காகப் பரப்பிவிடுவேன். வேர் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். தண்ணீரும் நாள் தவறாமல் ஊற்றியதில்லை. காயவிட்டு, மண் வெளுத்து வெடிக்கப்போகிற நேரம் பார்த்து ஊற்றுவேன். எந்த நேரம் என்று கேட்காதே, காலால் மிதித்தால் தெரியும். அதனால்தான் 'சும்மா தண்ணி' என்றது என்னைச் சுட்டது.

இதைப் படித்துக்கொண்டிருந்த உன் அண்ணன் இன்று ஒரு வார்த்தை சொன்னார். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அவர் சொன்ன உருப்படியான மூன்றாவது வார்த்தை இது. "அவளுக்குக் குடுத்தனுப்பின மிளகாய்த் தொட்டி எந்தப் பாத்தி மண்ணு?" என்றார்.

மூன்றாம் பாத்தி மண், வாலு. நீ ஊருக்குக் கிளம்பின அன்று, எறும்பு தெரிவதற்கு முன்னால் நானே அள்ளி நிரப்பினது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாய். ஒரு கரண்டி எடுத்துக்கொள். நாலைந்து பூ பூத்து, தளதளவென்று இருக்கிற செடி, ஒரு கரண்டி மண் போனால் ஒன்றும் ஆகாது.

அப்புறம், மிளகாய்ப்பூ என்ன நிறம் என்று எழுது. உன் அண்ணன் சிவப்பு என்கிறார். நான் உன்னைக் கேட்கிறேன் என்றேன்.

அண்ணி


ஜூன் 17, கூரியரில்

அன்புள்ள அண்ணிக்கு,

மிளகாய்ப்பூ வெள்ளை. காளான்காரரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தச் செடி செத்துப்போய்விட்டது. நீங்கள் கொடுத்தனுப்பியதை ஏப்ரலில் ஆய்வுக்கூட ஜன்னலில் வைத்தேன். முதல் வாரம் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு பிசின் நின்றுபோனது, நானும் மறந்துபோனேன். மே மாதம் ஒருநாள் பார்த்தால் இலையெல்லாம் சருகு. வருத்தமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஜன்னல் ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு, அதில் மூன்று பேனாவையும் ஒரு கத்தரிக்கோலையும் செருகி வைத்தேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் செடியை விசாரித்தபோது அந்தத் தொட்டியிலிருந்துதான் பேனாவை எடுத்து, பூத்துவிட்டது என்று எழுதினேன்.

ஏழு வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. சாயந்திர வெயில் நேராக அதன்மேல்தான் விழும். மண் கல் மாதிரி இருக்கிறது. உங்களைச் 'சும்மா தண்ணி ஊத்துறாங்க' என்று சொன்னவளுக்கு அந்தச் சும்மா தண்ணிகூட ஊற்ற வரவில்லை, அண்ணி. உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே ஒரு தொட்டி மூன்றாம் பாத்தி மண்ணையும் நானே கொன்றுவிட்டேன்.

தொட்டியைக் குப்பையில் கொட்டத்தான் எடுத்துக்கொண்டு போனேன். காளான்காரர் வழியில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டியை விரலால் தட்டினார். "ஏழு வாரமா காயுது, இன்னும் உடையலையே" என்றார். சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். நானும் நின்று பார்த்தேன். வெறும் மண்ணாக இருந்தால் இதற்குள் தூளாகியிருக்கவேண்டும்.

நம்பிக்கை எல்லாம் இல்லை. ஆனாலும் வேரோடு ஒட்டியிருந்த மண்ணை ஒரு கரண்டி இடித்து, தண்ணீரில் கரைத்து, ஆறு தட்டில் தடவி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை விருந்து கிடையாது. சர்க்கரை மட்டும் உண்டு, மற்றதெல்லாம் அரை வயிறு. உங்கள் பாத்தி எப்படி இருந்ததோ அப்படி. மூன்று நாளில் தெரியும்.

திட்டவேண்டியதைத் திட்டி எழுதுங்கள். ஒரு வரியும் விடாமல் படிக்கிறேன்.

நாத்தனார்


ஜூன் 18, கூரியரில்

வாலு,

பூத்துவிட்டது என்று நீ எழுதின அன்றே தெரியும். நன்றாகப் பூத்திருந்தால் நீ பூவை எண்ணி, அளந்து, அதற்கு மூன்று பக்கம் காரணம் எழுதியிருப்பாய். நாலைந்து என்று ஒரு வார்த்தையில் நீ எதையும் முடித்ததில்லை.

திட்ட இப்போது நேரமில்லை. தட்டைப் பார்.

அண்ணி


ஜூன் 24, சாயந்திரம்

அன்புள்ள அண்ணிக்கு,

இருபதாம் தேதி காலையில் தட்டைத் திறந்தேன். ஆறில் நாலு தட்டில் வேறு என்னென்னவோ முளைத்திருந்தது, ஒன்று காலி. ஐந்தாவது தட்டின் ஓரத்தில் தேன் சொட்டின மாதிரி ஆறு பொட்டு. குச்சியால் தொட்டு இழுத்தேன். நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது, அண்ணி, என் கை மேலே போய் விளக்கில் இடிக்கிற வரைக்கும் வந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஏதோ உடைந்துவிட்டது என்று காளான்காரர் துடைப்பத்தோடு வந்தார்.

பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம். அதேதான், உங்கள் மூன்றாம் பாத்திக்காரர்தான். வெயில் ஏற ஏற அது தான் சுரந்த பிசினைத் தன்மேலேயே போர்த்திக்கொண்டிருக்கிறது. பிசின் கடைசித் துளித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோம்பேறிகளாக இருந்திருந்தால் மே மாதமே கதை முடிந்திருக்கும்.

கைராசியைப் பற்றி இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். இந்தக் கிருமி எல்லா மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். உங்கள் பாத்தியில் மட்டும் ஏன் இத்தனை பிசினோடு இருந்தது என்று இரண்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எருப் போடாமல் அரை வயிற்றில் வைத்தீர்கள். பயறு வேரால் சர்க்கரை கொடுத்தீர்கள். வெடிக்கப்போகிற நேரம் வரை காயவிட்டீர்கள். அந்த மண்ணில் பிசின் சுரந்ததுதான் பிழைக்கும், மற்றது போகும். இப்படியே பன்னிரண்டு வருடம் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், மிதித்துப் பார்த்தே. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு பொறுமையாக யாரும் எதையும் செய்ததில்லை. நான் இரண்டே வருடத்தில் கெடுத்தேன்.

இன்று எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு கண்ணாடிக் குவளையில் ஒரே ஆற்று மணல். ஒன்றில் சோம்பேறிகள், ஒன்றில் மூன்றாம் பாத்தி. கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்று கரைந்து மேசையெல்லாம் ஓடி ஒருவர் மடியில் விழுந்தது. இன்னொன்று குவளை வடிவத்திலேயே நின்றது. அப்புறம் யாரும் சொல்லாமலே எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. நின்றதைக் கையில் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டேன். ஒரு மூலை மட்டும் உதிர்ந்தது.

தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்க கிடைச்சுது?" என்றார். எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாக்டீரியாவின் எண்ணைச் சொல்லவில்லை.

"எங்க அண்ணியோட நாத்துப் பண்ணையில. அவங்க கைராசிங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று வருடம் கிடைத்துவிட்டது. பெட்டியைக் காளான்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு சின்னக் குப்பி ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து மண்ணில் தெளியுங்கள். மேலே பயறு தூவுங்கள். மற்றது நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. சர்க்கரை மட்டும் வேண்டாம்.

உங்கள் வாலு


ஜூலை 30

வாலு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபம் இல்லை, கண்ணால் பார்க்காமல் உனக்கு எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன்.

குப்பி வந்த அன்றே உன் அண்ணன் கடப்பாரையை எடுத்துச் சிமெண்டை உடைத்தார். முன்பு அதைப் பூசினவரும் அவர்தான். வாய் திறக்காமல் பூசினார், வாய் திறக்காமல் உடைத்தார். வண்டி இப்போது மழையில் நனைகிறது. மண் கொட்டி, நீ சொன்னபடி தெளித்து, பயறு தூவினேன். எரு போடவில்லை. அதே மண்ணில் கொஞ்சம் எடுத்துக் குப்பித் தண்ணீரோடு பிசைந்து இரண்டு குழித்தட்டும் நிரப்பினேன்.

நேற்று அந்தத் தட்டில் பத்து மிளகாய் நாற்றைப் பிடுங்கி இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் போட்டேன். ஏழு நின்றது, மூன்று உதிர்ந்தது. பழைய மாதிரி இன்னும் வரவில்லை. ஆனால் போன மாதம் பத்தும் உதிர்ந்தது. ஏழாவது நின்றபோது கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை, கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தில் தலைவரிடம் நீ சொன்ன இடத்தை உன் அண்ணன் தானாகவே இரண்டாவது தடவை படித்துக் காட்டினார். இன்று காலை பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவரே பேசினார். நாற்பது பிள்ளைகள் முன்னால் சட்டை கழற்றின கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார். நாளைக்கு நாற்று வாங்க வருகிறாராம். அவர் முன்னால் போட்டுக் காட்டப்போகிறேன். கேட்டால் கைராசி என்று நான் சொல்லமாட்டேன். கிருமியும் நானும் கூட்டு வியாபாரம் என்று சொல்வேன்.

இனிமேல் போன் செய், எடுக்கிறேன். ஆனால் குறுக்கே பேசினால் மறுபடியும் கடிதம்தான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது வாசலிலேயே உன் பையைச் சோதிப்பேன், ஒரு கல் சர்க்கரை இருந்தாலும் உள்ளே விடமாட்டேன்.

இத்தோடு பார்சலில் ஒரு மிளகாய்த் தொட்டி வருகிறது. நின்ற ஏழில் ஒன்று. இதற்குத் தண்ணீர் ஊற்று. கண்டுபிடிப்பு போதும், இந்தத் தடவை எனக்கு மிளகாய் வேண்டும்.

உன் அண்ணி